நாற்பத்தொன்றா, ஐம்பத்தெட்டா

பூ இன்னும் விழவில்லை. கண்ணாடிப் பாட்டிலில், ஈரப் பாசி சுற்றிய தண்டோடு, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. நேற்று சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்பில் ஏறும்போது இதில் மூன்று பூ இருந்ததாம். ஒன்று வழியிலேயே போயிற்று. இன்னொன்று காலையில் நான் நாற்காலியை இழுத்த அதிர்வுக்கே உதிர்ந்து, மேசையில் விழுந்த நிமிஷமே சுருண்டுகொண்டது. காட்டுக் காசித்தும்பை இப்படித்தான், தொட்டால் விழும், தொடாவிட்டாலும் மத்தியானத்துக்குள் விழும். விழாமல் இருந்தால் ஒரு மணிக்குச் செடி ஆராய்ச்சி செய்யும் டாக்டர் எபனேசர் வந்து எடுத்து ஸ்பிரிட்டில் போட்டுவிடுவார். ஸ்பிரிட்டில் கிடக்கும் பூ ஒரு மணி நேரத்தில் வெளுத்துத் துவைத்த துணி மாதிரி ஆகிவிடும், காகிதத்தில் வைத்து அழுத்தினாலோ கறுத்துவிடும். அதற்கு முன்னால் அதன் நிறத்தைப் பிடித்து வைப்பதுதான் இந்தத் தாவர ஆபீஸில் என் வேலை, என் அப்பாவின் வேலை, அவருடைய அப்பாவின் வேலை. கோடெல்லாம் ஒன்பதரைக்கே முடித்துவிட்டேன். இதழ் ஓரத்து மயிர்கூட ஒன்று விடவில்லை. கோட்டில் என்னை யாரும் அசைக்க முடியாது, அதை நானே சொல்லிக்கொள்ளலாம், வேறு யார் சொல்லப்போகிறார்கள். எண் போட வேண்டியது மட்டும் பாக்கி. மணி பத்தே முக்கால். தெய்வானை பதினோரு மணிக்கு வந்துவிடுவாள். இருபத்தாறு வருஷமாகப் பதினோரு மணிக்கு வருகிற தங்கை இன்றைக்கு மட்டும் எப்படி வராமல் போவாள்.

எண் என்பது தாத்தா ஏற்படுத்திய வழக்கம். அங்கமுத்துத் தாத்தா கரூரில் பல்லக்குக் கதவுகளுக்குப் பூ எழுதிக்கொண்டிருந்தவர். காட்டிலாகா வெள்ளைக்காரன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, பல்லக்கை விட்டுவிட்டுப் பூ எழுதியவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மலையில் பறித்த பூ கூடாரத்துக்கு வருவதற்குள் வாடிவிடுகிறது, வர்ணத்தைக் குழைத்து எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால் தாத்தா ஒரு வண்ணப் புத்தகம் செய்தார். பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஓர் எண், எண்ணுக்குக் கீழே எந்த வர்ணம் எத்தனை சொட்டு என்ற பக்குவம். செடியின் பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்து, பொருந்துகிற எண்ணைப் படத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். பூ செத்தாலும் நிறம் சாகாது, அடுத்த மாதம் வீட்டில் உட்கார்ந்துகூட எழுதலாம். தாத்தா தொண்ணூற்றாறு கட்டம் வரைக்கும் போட்டார். அப்பா நூற்று நாற்பத்து நான்கு வரைக்கும் கொண்டுவந்தார். நான் ஒரு கட்டம்கூடச் சேர்க்கவில்லை. இங்கே எல்லாரும் அதைத் தன்னடக்கம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இலையும் ரத்தமும் ஒரே நிறம். இதை இப்படி நேராக மனசுக்குள் சொல்லக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது, சுவருக்குக் காது கேட்டுவிடும் போல. சிவப்பு என்று நீங்கள் சொல்வதும் பச்சை என்று சொல்வதும் எனக்குச் சேறு. கொஞ்சம் வெளிறிய சேறு, கொஞ்சம் கறுத்த சேறு, அவ்வளவுதான். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். கடவுள் செடிகளுக்கு நீலத் தண்டு வைத்திருந்தால் நான் பெரிய ஆளாக இருந்திருப்பேன்.

எப்போது தெரிந்தது என்று கேட்டால் எனக்கு ஏழு வயசு, அவளுக்கு ஐந்து. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, கையில் ஓர் இலையை எடுத்துக்கொண்டு வண்ணப் புத்தகத்தைத் திறந்து, எத்தனாம் நம்பர் என்று கேட்பார். தெய்வானை பட்டென்று சொல்லிவிடுவாள். நான் சொன்னதும் அப்பா முகம் வாடும். பிறகு அவள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தாள். விரலால் முதுகில் தட்டுவாள். ஏழு தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. எழுபத்து மூன்று என்பேன். அப்பா முகம் மலரும். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது, எப்போது விளையாட்டாக இல்லாமல் போயிற்று என்பதைத்தான் பிடிக்க முடியவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா? இந்த இடத்தில் வந்து நான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். எனக்குப் பதினாறு வயசில் ஒரு நாள் இதே அறையில் அப்பா சோற்றுக்கு நடுவில் இரண்டு மிளகாயை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்று பழம், ஒன்று காய். "பழத்த எடுப்பா" என்றார். நான் தோல் சுருங்கியதைப் பார்த்து எடுத்தேன். சரியாகத்தான் எடுத்தேன். ஆனால் எடுப்பதற்கு முன் குனிந்து பார்த்தேன். பழமிளகாயை எடுக்க யாராவது குனிந்து பார்ப்பார்களா? அப்பா இரண்டையும் தானே கடித்துத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனார். காரத்தில் கண் கலங்கியிருந்தது. காரத்தில்தான். அம்மாவின் அப்பாவுக்கும் இதே கோளாறு என்று பிற்பாடு ஒரு கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டேன், காவி வேட்டி என்று நினைத்துப் பச்சை வேட்டியைக் கட்டிக்கொண்டு பழநிக்குப் போனாராம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு தாத்தா தொழிலைக் கொடுத்தார், இன்னொரு தாத்தா கண்ணைக் கொடுத்தார்.

அப்பா போனது இந்த நாற்காலியில். நாற்பத்தொன்பது வயசு, பாதி எழுதிய படம், கையில் பிரஷ். பணியில் இருக்கும்போது இறந்தவர் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னார். ஒரு வாரிசுக்குத்தான். மற்ற வாரிசுகள் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா யோசிக்கவே இல்லை. "ஆம்பளப் பையன் இருக்கறப்ப பொட்டப் புள்ளைக்கு எதுக்கு கெவருமெண்டு வேல" என்றாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர், ஒருவர் செத்துப்போயிருந்தார். தெய்வானைக்குப் பத்தொன்பது வயசு. காகிதத்தைத் தொடை மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இவளுக்குக் கொடுங்கள், எனக்குக் கண் சரியில்லை. இரண்டு மூச்சு நேரம் பேசுகிற வாக்கியம். நான் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். எனக்கு ஆட்சேபணை இல்லை, தெய்வானை, கந்தப்பன் மகள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. வேலையில் சேர மருத்துவச் சான்று கேட்டார்கள், அங்கேயாவது மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன், மாட்டிக்கொண்டால் தேவலை என்றும் நினைத்தேன். ஆஸ்பத்திரி டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். வெள்ளையில் கறுப்பு. கடைசி வரி வரைக்கும் படித்தேன். "அருமையான கண்ணுப்பா" என்றார். அன்றைக்கு மூடின கதவு.

பதினொன்றே கால். கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடும் கடிகாரம். அவள் வருவாள், சோற்றுத் தூக்குப்போசியை மேசை ஓரத்தில் வைப்பாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பூவைப் பார்ப்பாள். "இன்னிக்குக் கத்திரிக்காப் புளிக்கொழம்புங்கண்ணா" என்பாள். அடுத்த மூச்சில், உதடு அசையாமல், "எதழு முப்பத்தாறு, தண்டு பன்னெண்டு, காம்பு பன்னெண்டுல கொஞ்சம் தொண்ணூறு." நான் சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே குறித்துக்கொள்வேன். பத்து நிமிஷத்தில் போய்விடுவாள். அப்புறம் நான் பக்குவப்படி வர்ணத்தைச் சொட்டுச் சொட்டாகக் குழைத்து எழுதுவேன், சீட்டைப் பார்த்து மருந்து கலக்கிற கம்பவுண்டர் மாதிரி. ஆபீஸில் எல்லாருக்கும் எங்கள் மேல் பெருமை. தங்கச்சின்னா இப்படியல்லவா இருக்கணும், கல்யாணம் கட்டிப் போயும் அண்ணனுக்கு ஒரு நாள்கூடச் சோறு தவறவில்லை. தவறியிருக்கிறது. அறுபத்தாறாம் வருஷம் அவள் பிரசவத்துக்குப் படுத்திருந்த மூன்று வாரம் நான் குத்துமதிப்பாக எண் போட்டேன். மலையிலிருந்து வந்த ஒரு கொடி, சிவந்த தண்டு, நான் பச்சையாக எழுதினேன், அச்சும் ஆகிவிட்டது. தண்டு சிவப்பல்லவா என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தபோது அச்சகத்தார் மேல் பழியைப் போட்டேன். அச்சகத்துப் பெரியவர் நேரில் வந்து, "மை சரியாத்தானுங்க இருந்துச்சு, எப்பிடி மாறுச்சோ தெரியல, மன்னிச்சுக்கோங்க" என்று கையைக் கூப்பினார். நானும் மன்னித்தேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு.

பதினொன்றரை. வர மாட்டாள் என்று எனக்கு நேற்றே தெரியும், தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் அழைப்பிதழைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேனே, அந்தப் புத்தியை என்ன செய்வது. நாங்கள் எழுதிய படங்களெல்லாம் தொகுதியாக வருகின்றன, விழா, மேடை, பொன்னாடை. மூன்று தலைமுறை ஓவியர்கள் என்று தலைப்பு. அங்கமுத்து, கந்தப்பன், வையாபுரி. அடுப்படி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து படித்தாள். "மூணு பேருதானுங்களாண்ணா?" என்றாள். அப்போதும் ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது என்ன தெரியுமா? "மூணு தலைமுறைன்னா மூணு பேருதானம்மா." கணக்கு வாத்தியார் மாதிரி. அவள் அழைப்பிதழை உறைக்குள் திருப்பிப் போட்டாள், அது உள்ளே போகாமல் ஓரம் மடங்கியது, எடுத்து நீவிவிட்டு மறுபடியும் போட்டாள். "ஆமாங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் அதை மறந்துவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன். நான் மறக்கவில்லை, அவள் மட்டும் மறந்திருப்பாளாம். எழுந்து வந்துவிட்டேன். அவள் வாசல் வரைக்கும் வரவில்லை.

நஞ்சப்பன் தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தான். எனக்கும் முன்னால் பியூனாகச் சேர்ந்தவன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன். சட்டென்று ஒரு யோசனை, இவனுக்குக் கண் இருக்கிறதே. "நஞ்சப்பா, இந்தப் பூவுக்குள்ள தொண்டையில ஒரு புள்ளி இருக்குதே, அது என்ன நெறமா இருக்குது?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி. குனிந்து பார்த்தான். "அதுங்களா, ஒரு மாதிரி செங்கல்லாட்ட இருக்குதுங்க. செங்கல்லுன்னா, பாசி புடிச்ச செங்கல்லு." பாசி பச்சை, செங்கல் சிவப்பு, இரண்டும் எனக்குச் சேறு. "இந்தப் பொஸ்தகத்துல எதாட்ட இருக்குதுன்னு சொல்லு பாக்கலாம்" என்று வண்ணப் புத்தகத்தை நீட்டினேன். அவன் சிரித்துவிட்டான். "என்னுங்கய்யா, எங்கிட்டப் பரீட்ச வெக்கறீங்க? ஊரு ஒலகமெல்லாம் உங்க கண்ணுக்குப் பொன்னாட போடப் போவுது." செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் புள்ளிதான் எல்லாம். டாக்டர் நேற்றே சொன்னார், தெரிந்த இனத்துக்குத் தொண்டையில் பச்சைப் புள்ளி, இது பச்சையில்லை என்றால் இது உலகம் பார்க்காத புதுச் செடி. "எனக்கு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில சரியாத் தெரியல வையாபுரி. நீங்க பகல்ல பாத்து எழுதறதுதான் கடைசி. புதுசுன்னா உங்க குடும்பப் பேரையே வைக்கப்போறேன்." நல்ல மனுஷர். என்னை இவ்வளவு நம்புகிறவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. சாயங்காலமே அவர் நன்றாகப் பார்த்திருக்கக் கூடாதா.

நாற்பத்தொன்று கருஞ்சிவப்பு. ஐம்பத்தெட்டு பாசிப் பச்சை. புத்தகத்தில் இரண்டு கட்டமும் எனக்கு ஒன்றுதான், கீழே உள்ள எண்தான் வேறு. பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், சேற்றுக்குப் பக்கத்தில் சேறு. பாசி பிடித்த செங்கல் என்றால் செங்கல்தானே முதல், பாசி பிறகுதானே. அப்படியென்றால் நாற்பத்தொன்று. இல்லை, செங்கல் தெரியாத அளவுக்குப் பாசி பிடித்திருந்தால்? நாற்பத்தொன்று என்று எழுதினால் செடி புதுசு, என் பெயர் அதற்கு. ஆசை எழுதுகிறதா கண் எழுதுகிறதா? கண் எழுத வழியே இல்லை. பென்சிலை அழுத்தாமல் நாற்பத்தொன்று என்று எழுதினேன். நாளைக்கு யாரோ மலையேறிப் போய் இந்தச் செடியைப் பார்த்து, படத்தையும் பார்த்து, பொய் என்று எழுதுவான். என்னை மட்டுமா எழுதுவான், தாத்தாவின் தொண்ணூற்றாறையும் அப்பாவின் நாற்பத்தெட்டையும் சேர்த்தல்லவா எழுதுவான். அவளுடையதையும். ஐயாயிரம் பூ இருக்கும், அவள் சோறு கொண்டுவந்த சாக்கில் பார்த்தது, ஒன்றுகூடத் தப்பில்லாதது. மின்விசிறியை நிறுத்தி வைத்திருப்பதால் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. சரியாக அவள் தட்டுவாளே, அந்த இடத்தில். ஏழு தட்டு, ஒரு நிறுத்தம். முதுகு காத்துக்கொண்டே இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, எழுந்து போனால் போய்விடலாம், பேருந்து ஏறினால் எங்கேயாவது இறங்கலாம், ஆனால் மூச்சை இழுத்துவிட்டால் பூ விழுந்துவிடுமோ என்று நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார், எழுப்பப் போனவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்களாம்.

பன்னிரண்டு ஐம்பது. செம்பை எடுக்க வந்த நஞ்சப்பன், "சாப்பிடலீங்களா" என்றான். "இன்னிக்குச் சாப்பாடு வரல" என்றேன். "வரலீங்களா? அம்மா பதினோரு மணிக்கே வந்துட்டாங்களே. வாசக் கேட்டுப் பக்கத்துப் புங்க மரத்தடியில உக்காந்திருக்காங்க. மேல போங்கன்னு நானே சொன்னனுங்க. இல்லீங்க, அண்ணன் கூப்புட்டா வாறேன்னாங்க. நீங்க எதோ வேலையா இருக்கீங்கன்னு நெனச்சேன்." அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், எனக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிட்டால். இருபத்தாறு வருஷத்தில் நான் அவளை ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. அவளாக வந்தாள், நான் வாங்கிக்கொண்டேன். படம் எழுத வடக்கு வெளிச்சம்தான் வேண்டும், அதனால் என் ஜன்னல் வழியாக கேட் தெரியாது. தெரிந்திருந்தால் இத்தனை நேரமும் நானும் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பேனோ என்னவோ. எழுந்தேன். நாற்காலியை இழுக்காமல், உடம்பை ஒடுக்கி வெளியே வந்தேன். மாடி வராந்தாவிலிருந்து பார்த்தால் மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் அவள். மடியில் தூக்குப்போசி. தோட்டக்காரர்கள் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள், கீழே டைப் அடிக்கிற சத்தம். மாடிப்படியில் டாக்டரின் செருப்புச் சத்தமும் கேட்டது.

"தெய்வானை" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. நிமிர்ந்தாள். "என்னுங்கண்ணா." "மேல வாம்மா." அவள் எழுந்திருக்கவில்லை. "எதுக்குங்கண்ணா?" என்றாள், அவ்வளவு தூரத்திலிருந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. டைப் சத்தம் நின்றது. தோட்டக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சாப்பாடு கொண்டு வா என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள், எண்ணும் சொல்லியிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். ஸ்பிரிட் பாட்டிலும் இடுக்கியுமாக டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பூவோட நெறம் எனக்குத் தெரியலம்மா" என்றேன். "நீ வந்து பாத்துச் சொல்லு." டாக்டர் சிரித்தார். "என்ன வையாபுரி, தங்கச்சிகிட்ட விளையாட்டா?" "வெளையாட்டு இல்லீங்க சார். எனக்குச் செவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது, பொறந்ததிலிருந்தே தெரியாதுங்க. இத்தன வருஷமா அது சொன்னதத்தான் நான் எழுதுனேன்." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். கீழே அவள் எழுந்து, புடவையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து வந்தாள்.

உள்ளே வந்து தூக்குப்போசியைத் தரையில் வைத்தாள். எப்போதும் வைக்கிற மேசை ஓரத்தில் வைக்கவில்லை. என்ன குழம்பு என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பூவின் முன்னால் முகத்தைக் கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். வண்ணப் புத்தகத்தைப் புரட்டினாள், முன்னாலும் பின்னாலும், அத்தனை பக்கத்தையும். இவ்வளவு நேரம் அவள் ஒரு பூவைப் பார்த்து நான் கண்டதில்லை, எப்போதும் பத்து நிமிஷத்தில் திருட்டுத்தனமாகத்தான். படத்தில் நான் எழுதியிருந்த நாற்பத்தொன்றை ரப்பரால் அழித்து, தூளை ஊதாமல், விரல் நுனியால் ஒதுக்கினாள். "பச்சையில்லீங்க சார்" என்றாள் டாக்டரிடம், வாயைத் திறந்து, உரக்க. "ஆனா இந்த நெறம் பொஸ்தகத்துலயும் இல்லீங்க. புதுசா நூத்தி நாப்பத்தஞ்சுன்னு ஒரு கட்டம் போடணும். நான் கொழைக்கறேன்." பென்சிலுக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். புத்தகத்தின் கடைசியில் இருந்த வெற்றுப் பக்கத்தில், அப்பாவின் கட்டங்களுக்கு எதிரே, அளவெடுத்த மாதிரி நாலு கோடு இழுத்தாள். டாக்டர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன், சின்ன வயசில் அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாதிரி, சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா. நெழலு விழுது."

தள்ளி நின்றேன்.